அஞ்சு நிமிஷச் சூடு

ஒரு புருஷனும் பொண்டாட்டியும் பிறர் காதில் விழாமல் பேசிக்கொள்வதன் விலை எழுபத்திரண்டாயிரம் ரூபாய். அந்த விலையைச் சொன்னவன் நான்தான். சொன்னபோது அது ஒரு பழைய புல்லட்டின் விலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்குக் கடை. என்ஜின் ஆயில், டயர், உதிரி பாகம் விற்பேன். கூடவே பழைய பைக்கும் வாங்கி விற்பதுண்டு. வாங்கும்போது வண்டியைக் குறை சொல்ல வேண்டும், விற்கும்போது அதையே புகழ வேண்டும். இரண்டையும் ஒரே வண்டிக்கு ஒரே நாளில் செய்திருக்கிறேன். வண்டி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆயிஷா பீவி ஒரு வியாழக்கிழமை போன் செய்தார். எனக்கு அக்கா முறை, லாத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"பாட்சா தம்பி, நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சு அப்படியே வூட்டுக்கு வந்துட்டுப் போ. அஸ்லாம் வண்டிய வித்துடலாம்னு இருக்கேன். அது நிக்கிற எடத்தைத் தையக்காரிக்கு வாடகைக்கு விட்டா மாசாமாசம் ஏதாவது வரும்."

"அஸ்லாம் என்ன சொல்றான்?"

"உங்க இஷ்டம்மாங்கிறான்."

அஸ்லாம் அவருடைய ஒரே மகன். குவைத்தில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி நாலு மாதத்தில் போனவன், போய் இரண்டு வருஷம் ஆகிறது. மனைவி மர்ஜியா அரியலூர்ப் பெண். அவளும் மாமியாரும்தான் வீட்டில். எங்கள் இரு குடும்பத்துக்கும் பூர்வீகம் லப்பைக்குடிகாடு. அந்த ஊர்க்காரர்கள் இருவர் ஒரு பொருளை நடுவில் வைத்துப் பேச உட்கார்ந்தால், கூட இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. ஆயிஷா பீவி கறிக்கடையில் எலும்புக்குத் தனி விலை பேசுகிறவர்.

வண்டி வீட்டின் பக்கவாட்டில் தகரக் கொட்டகையில் நின்றது. வெளிப்பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. டேங்கில் முகம் பார்க்கலாம். டயரில் தேய்மானம் இல்லை. யாரோ வாராவாரம் துடைத்திருக்கிறார்கள். சுற்றி வந்து எழுபத்திரண்டு என்றேன். எழுபத்தைந்து வரை போகலாம் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். ஆயிஷா பீவி எண்பத்தைந்து என்றார். எழுபத்தெட்டில் முடிப்பார் என்று எனக்கும் தெரியும், எழுபத்தைந்து வரை வருவேன் என்று அவருக்கும் தெரியும். இடையில் இருக்கும் மூவாயிரத்துக்காக இருவரும் பெருமூச்சு விட்டோம்.

அவர் உள்ளே போனதும் மர்ஜியா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். செம்பை நீட்டியபடியே, வாசல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, வெலையக் கொஞ்சம் கொறைச்சுச் சொல்லுங்களேன்."

முப்பது வருஷத் தொழிலில், விற்கிற வீட்டிலிருந்து ஒருவர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் புரையேறியது.

"என்னம்மா சொல்றே? என்னப் பெத்த அத்தாகூட எனக்கு இப்படி ஒத்தாசை பண்ணினதில்ல."

"நீங்க கொறைச்சுக் கேட்டா மாமி குடுக்க மாட்டாங்க."

"குடுக்கக் கூடாதா?"

அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "குவைத்துல அவங்களுக்கு வண்டிச் சத்தம் கேக்கணும். வாராவாரம் போன்ல கேப்பாங்க."

குவைத்தில் வேலை பார்க்கிறவன் ஊரின் எத்தனையோ சத்தத்துக்கு ஏங்குவான். ஆட்டுச் சத்தம், பாங்கு சத்தம், அம்மா திட்டும் சத்தம். சரி, இவனுக்குப் புல்லட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேறெதுவும் தோன்றவில்லை.

அதற்குள் உள்ளே போன் அடித்தது. வெள்ளிக்கிழமை இரண்டு மணி. குவைத்தில் பதினொன்றரை. அஸ்லாமுக்கு விடுமுறை நாள். அறையில் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் குளித்துப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிப் போன பிறகு அவன் கூப்பிடுவானாம். இங்கே கூடத்தில் போன் கை மாறத் தொடங்கியது. முதலில் அம்மா. சர்க்கரை அளவு, தலைச்சுற்றல், தண்ணீர் வராத குழாய். பிறகு பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்த அக்கா, அவளுடைய பிள்ளைகள். "மாமா, வாட்ச் வாங்கிட்டு வாங்க", "மாமா, எனக்கு ட்ரோன்." என்னையும் கூப்பிட்டு ஸலாம் சொல்ல வைத்தார்கள். கடைசியாகத்தான் போன் மர்ஜியா கைக்கு வந்தது. கூடத்தில் ஆறு ஜோடிக் காது.

"நல்லாருக்கேங்க. சாப்பிட்டேங்க. ஆமாங்க. சரிங்க."

இப்படிப் பேசுவதற்குப் போன் தேவையில்லை, தந்தி போதும்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்றாங்க மாமி" என்றாள்.

"போ, போ. எண்ணெ சூடாவணுமாமே. அஞ்சு நிமிஷம். பெட்ரோலு விக்கிற வெலையில அதுக்கு மேல வேணாம்" என்றார் ஆயிஷா பீவி, தஸ்பீஹ் மணியை உருட்டியபடி.

நான் கொட்டகையின் மூலையில், பின் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் குனிந்து செயின் பார்த்துக்கொண்டிருந்தேன். மர்ஜியா இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு வந்தாள். பட்டனை அழுத்தினாள். வண்டி இருமி, வெள்ளைப் புகை தள்ளி, தட்தட்டென்று பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசினாலும் கேட்காது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, மைக்கை உதட்டோடு சேர்த்துப் பிடித்துப் பேச ஆரம்பித்தாள்.

ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் முகம் தெரிந்தது. கூடத்தில் 'சரிங்க' சொன்ன முகம் இல்லை அது. புருவத்தை உயர்த்தினாள். எதையோ மறுத்தாள். மூக்கைச் சுளித்தாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் செயினை விட்டுவிட்டுப் பின்பக்கமாக நழுவி வேப்பமரத்தடிக்குப் போனேன். விற்பனைக்கு இல்லாத சரக்கைத் தொட்டுப் பார்க்கக் கூடாது.

மரத்தடியில் நின்று கணக்குப் போட்டேன். மாமியாருக்கு இரவில் சர்க்கரை இறங்கிவிடும் என்று மர்ஜியா அவர் அறையிலேயே படுக்கிறாள். பகலில் அவன் யாருடைய வீட்டு மொட்டை மாடியிலோ ஏசியைக் கழற்றிக்கொண்டிருப்பான். இரவில் எட்டுப் பேர் அறை. கட்டிக்கொண்ட இருவருக்கு வாரத்தில் கிடைக்கும் தனிமை இந்தத் தகரக் கொட்டகையில் அஞ்சு நிமிஷம். வண்டிச் சத்தம்தான் கதவு, அதுதான் தாழ்ப்பாள். அதை விற்காதீர்கள் என்று அம்மாவிடம் சொல்ல அவனுக்குக் காரணம் வேண்டும். உள்ள காரணத்தை எந்த மகன் அம்மாவிடம் சொல்வான்? 'உங்க இஷ்டம்மா' என்றுதான் சொல்வான்.

வண்டி நின்றது. மர்ஜியா போனோடு உள்ளே போய்விட்டாள். நான் திரும்பி வந்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகினேன். வாங்குகிறவன் கடைசியாகச் செய்கிற காரியம் அது. மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெளுப்பாக அப்பிக்கொண்டிருந்தது. குச்சி விட்டு எடுத்தேன். எண்ணெய் இல்லை, டீக்கடைப் பால்டீ.

எங்கள் தொழிலில் இது வெள்ளத்தில் முங்கிய வண்டியின் அடையாளம். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியே விட்டால் உள்ளே இரும்பு இரும்பை உரசித் தின்றுவிடும். ஆனால் இந்த வண்டி இரண்டு வருஷமாகக் கொட்டகையைத் தாண்டவில்லை. கூரையும் ஒழுகவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. அந்த அஞ்சு நிமிஷத்திலிருந்துதான். என்ஜின் ஓடும்போது புகையோடு ஆவியும் உண்டாகும். எண்ணெய் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் வெளியே போய்விடும். அரைச்சூட்டில் நிறுத்தினால் உள்ளேயே வேர்த்து எண்ணெயில் இறங்கும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக, நூறு வெள்ளிக்கிழமை. அவர்களைக் காப்பாற்றிய அஞ்சு நிமிஷம்தான் வண்டியைக் கொன்றுகொண்டிருந்தது.

ஆயிஷா பீவி வந்தார். "என்ன தம்பி, எண்பதுக்கு முடிச்சுக்கலாமா?"

நான் மூடியைக் காட்டினேன். "லாத்தா, முப்பதாயிரம்."

"என்னது?"

"முப்பது. அதுவும் உங்க மொகத்துக்காக."

"என் மொகத்துக்கு நீ ஒண்ணும் தள்ளுபடி போட வேணாம்! இப்பத்தானே எழுபத்திரண்டுன்னே, பள்ளியில தொழுதுட்டு வந்த வாயா இது?"

"எண்ணெயப் பாருங்க. மோராப் போச்சு. எவன்கிட்ட காட்டினாலும் முப்பதுக்கு மேல கேக்க மாட்டான்."

"அஞ்சு நிமிஷம் தவறாம சூடு பண்ணினோமேப்பா!"

"அதான் கெடுதல். பாலை வெதுவெதுன்னு எறக்கி வச்சா என்னாவும்? பொழுது சாஞ்சா திரிஞ்சிடும். பொங்க விட்டு எறக்கினாத்தானே நிக்கும்? எண்ணெயும் அப்படித்தான். சூடு பத்தலேன்னா தண்ணி தங்கிடும். அதுக்காக வெயில்ல நிக்க வச்சு மணிக்கணக்கா உறுமவிட்டா, காத்துப் படாம சூடு எக்குத்தப்பா ஏறி எண்ணெ நீர்த்துப் போவும். ரோட்டுல ஓடணும். முக்கா மணி நேரம் காத்துல ஓடினாத்தான் சரியான சூட்டுக்கு வந்து நிக்கும்."

மர்ஜியா கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினேன்.

"இப்போ வித்தீங்கன்னா முப்பது. பழைய எண்ணெய வடிச்சு, ரெண்டு தடவை கழுவி, புதுசு ஊத்தி, வாராவாரம் அரியலூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தா, அடுத்த நோம்புக்குள்ள நானே எண்பதுக்கு எடுத்துக்கறேன்."

ஐம்பதாயிரம். ஆயிஷா பீவியின் விரலில் தஸ்பீஹ் மணி நின்றுவிட்டது. முப்பது ரூபாய்க் கறிவேப்பிலைக்கு முறைத்துக்கொள்கிறவர் ஐம்பதாயிரத்தைத் தையற்காரியின் வாடகைக்காக விடுவாரா?

"யாரு ஓட்டறது?"

"ஜெயசீலன் ஒர்க் ஷாப் பயலுக எவனாவது ஓட்டுவான். தடவைக்கு முந்நூறு கேப்பான். சாப்பாடு தனி."

"முந்நூறா! என் புள்ளை வண்டிய எவனோ ஏறி முறுக்கறதுக்கு நான் காசும் குடுக்கணுமா? நீயே ஓட்டேன்."

"முதுகுவலி லாத்தா. டாக்டர் ஸ்கூட்டரைத் தாண்டக் கூடாதுன்னுட்டாரு."

பொய்தான். கொடுக்கல் வாங்கலில் முதுகுவலி எல்லாருக்கும் உண்டு.

கதவோரத்திலிருந்து சன்னமாகக் குரல் வந்தது.

"நான் ஸ்கூட்டி ஓட்டுவேன் மாமி. கியர் வண்டியும் எங்கத்தா வூட்டுல ஓட்டியிருக்கேன்."

"பொம்பளைப் புள்ளை புல்லட்டுல போனா ஊரு என்னாடி சொல்லும்?"

"ஊரு என்ன சொல்லும் லாத்தா?" என்றேன். "'வண்டி என்ன வெலைக்கு வாங்கினே'ன்னு கேக்கும். எம்பதுன்னு சொல்லச் சொல்லுங்க. வெலை ஊருக்குள்ள பரவட்டும்."

ஆயிஷா பீவி மருமகளை மேலும் கீழுமாகப் பார்த்தார். கணக்கு ஓடுவது நெற்றியில் தெரிந்தது. "அரியலூருதானே. போறதும் போறே, பெத்தவளப் பாத்துட்டு வந்துடு. பஸ் காசாவது மிச்சம்."

ஜெயசீலன் எண்ணெயை வடித்தபோது சட்டி நிறைய வெண்ணெய் கடைந்த மிச்சம் போல வந்தது. புதிதாக ஊற்றினோம். பள்ளிக்கூட மைதானத்தில் மர்ஜியா நாலு மாலை பழகினாள். ஒரு தடவை வண்டி சாய்ந்து அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வேலிக்கு வெளியே சிரித்த பையன்களைப் பார்த்து, "தூக்க வாங்கடா, சிரிக்க மட்டும் வந்திருக்கீங்க!" என்று சத்தம் போட்டாள். நாலு பேர் ஓடிப் போய்த் தூக்கினார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை ஆயிஷா பீவி என்னையும் பின்னால் அனுப்பினார். "மொதத் தடவை. பின்னாடியே போ. ஸ்கூட்டருக்கு முதுகு தாங்குமில்ல?" என்றார். அந்தக் கேள்வியை நான் அப்போது சரியாக எடைபோடவில்லை.

கூடத்தில் போன் கை மாறுவது வழக்கப்படியே நடந்தது. மர்ஜியாவிடம் வந்ததும், "ரோட்டுல போயி கூப்பிடறேங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஹெல்மெட் மாட்டினாள். சிமெண்டு லாரிகள் வெள்ளைத் தூசி கிளப்பிக்கொண்டு எதிரே வந்தன. அவள் ஓரமாக, சீராக, ஒரே வேகத்தில் போனாள். வெள்ளைப் புகை முதலில் மெல்லிசாகி, பிறகு இல்லாமலே போயிற்று. இருமல் நின்று வண்டி ஒரே தாளத்துக்கு வந்தது. பின்னால் வந்த எனக்கே அது காதுக்கு இதமாக இருந்தது.

பேரளி தாண்டி ஒரு டீக்கடைக்கு எதிரே புளியமரத்தடியில் நிறுத்தினாள். நான் போய் என்ஜினின் அடிவயிற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். தோசைக்கல்லில் போல் துள்ளித் தெறிக்கவில்லை. சும்மா ஒட்டிக்கொண்டு உட்காரவும் இல்லை. மெதுவாகச் சுண்டி, சுவடில்லாமல் காய்ந்தது.

"இதும்மா சூடு" என்றேன். "இதுக்குக் கொறையவும் கூடாது, கூடவும் கூடாது."

அவள் தலையாட்டினாள். போனை எடுத்தாள். நான் டீக்கடைப் பக்கம் நகர்ந்தேன். பாதி ரோடுகூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

"சாப்ட்டீங்களாஆ!"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த கிளாஸ் ஆடிப்போனது. மரத்திலிருந்த காக்கை பறந்தது. வண்டி நின்றிருப்பதை மறந்துவிட்டாள் பாவம். இரண்டு வருஷமாகப் புருஷனோடு கத்தியே பேசிப் பழகிய தொண்டை.

அந்தப் பக்கம் அஸ்லாமும் கத்தியிருப்பான் போல. அவள் இயர்போனைச் சட்டென்று காதிலிருந்து பிடுங்கினாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். வண்டி நின்றிருந்தது. மாமி இல்லை, கூடம் இல்லை. இயர்போனை மறுபடி செருகிக்கொண்டு, வண்டியின் சீட்டில் சாய்ந்து, எதுவும் பேசாமல் நின்றாள். அவனும் பேசவில்லை என்று நினைக்கிறேன். சத்தம் இல்லாத இடத்தில் எதைப் பேசுவது என்று இருவருக்கும் பழக்கம் இல்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு அவள் உதடு மெல்ல அசைந்தது.

"யாருப்பா அது, ஒங்க பொண்ணா?" என்றார் டீக்கடைக்காரர்.

"இல்ல. கஸ்டமரு" என்றேன். "இன்னொரு டீ போடுங்க. அவசரமில்ல."

அப்படியே மாதங்கள் போயின. மர்ஜியா தனியாகவே போய்வந்தாள். அரியலூர் அம்மாவுக்கு மகள் வாராவாரம் கிடைத்தாள். அவ்வப்போது கடைக்கு வந்து மூடியைத் திறந்து காட்டுவாள். எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. எனக்கு உள்ளூர ஒரு பயம் வளர்ந்துகொண்டிருந்தது. எண்பது என்று வாய் விட்டிருக்கிறேன். வண்டி எண்பது பெறும் நிலைக்கு வந்துவிட்டது. நோன்பும் நெருங்கியது. ஆயிஷா பீவி வாக்கை மறக்கிறவர் இல்லை. விற்றுவிட்டால் புளியமரத்தடிக்கு யார் பஸ் விடுவார்கள்?

நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். நெய்ச்சோறும் தாளிச்சாவும் போட்டார். இது வியாபாரத்துக்கு முந்திய சாப்பாடு.

"என்ன தம்பி, எம்பதுன்னியே?"

"சொன்ன சொல்லு சொன்னதுதான் லாத்தா" என்றேன். கதவோரம் மர்ஜியா. அன்றைக்கு அவள் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு லட்சம்" என்றார் ஆயிஷா பீவி.

"என்னது?"

"மூணு லட்சம். ஒரு பைசா கொறையாது."

"லாத்தா, ஷோரூம்ல புதுசே அந்த வெலை இல்ல!"

"அப்போ அங்கே போயி வாங்கிக்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மணியை உருட்டிக்கொண்டிருந்தார். லப்பைக்குடிகாட்டுக்காரர் ஒருவர் விலை சொல்லும்போது இறங்குவதற்கு இடம் வைத்துச் சொல்வார். இடமே இல்லாத உயரத்தில் சொன்னால் அது விலை இல்லை.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. அஸ்லாம். ஆயிஷா பீவி தன் சர்க்கரையையும் தலைச்சுற்றலையும் இரண்டே வாக்கியத்தில் முடித்தார். பேரன் எட்டிப் பறித்த போனைத் திரும்பப் பிடுங்கினார். மகள் நீட்டிய கையையும் தட்டிவிட்டார்.

"அப்புறம் பேசிக்கலாம்டி, தள்ளு." போனை மர்ஜியாவின் கையில் திணித்தார். "இந்தா, கெளம்பு. எண்ணெ ஆறிப்போயிடும்."

வண்டி கொட்டகையில்தான் நின்றிருந்தது. அன்றைக்கு இன்னும் யாரும் அதைக் கிளப்பவே இல்லை.

மர்ஜியா ஒரு கணம் மாமியைப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்து கணக்கை முடித்தேன். செலவு: எண்ணெய் ஏழரை லிட்டர் அசல் விலைக்கு, ஜெயசீலன் கூலி, என் ஸ்கூட்டர் பெட்ரோல், புளியமரத்தடி டீ நாலு, எண்பதுக்கு வாங்கித் தொண்ணூறுக்கு விற்றிருந்தால் வந்திருக்கும் பத்தாயிரம். வரவு: ஒரு வேளை நெய்ச்சோறு. 'ஸ்கூட்டருக்கு முதுகு தாங்குமில்ல?' என்று, என் பொய் தெரிந்தே அவர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, அது என் பேரில் பாக்கி.